பல் கறையில் தொடங்கும் ஒரு ஆய்வு: மயக்கவியல், ஐசியு ஆய்வுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

ஒவ்வொரு வருடமும் முதலாண்டு பிஜி (பட்டமேற்படிப்பு) மாணவர்கள் சேர்ந்து சில மாதங்கள் ஆனதும், யாராவது ஒருவர் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் வந்து நின்று "மேடம், தீசிஸுக்கு நல்ல டாபிக் ஒண்ணு சொல்லுங்க" என்று கேட்பார்கள். கையில் ஒரு பட்டியலும் இருக்கும். ஸ்பைனலில் (முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்யும் முறை) இந்த மருந்தோடு அந்த மருந்தைச் சேர்த்தால் எவ்வளவு நேரம் வலி தெரியாது, ஐந்து மைக்ரோகிராமா பத்து மைக்ரோகிராமா என்கிற மாதிரி. போன பேட்ச் சீனியர் கொடுத்த பட்டியல். அதை மடித்துப் பையில் வைத்துவிட்டு, இரண்டு வாரம் ஒரு சின்ன நோட்டோடு டியூட்டி பாருங்கள் என்றுதான் நான் சொல்வேன். எந்தக் கேஸில் கை தடுமாறியது, எந்த இடத்தில் இரண்டு சீனியர்கள் இரண்டு விதமாகச் சொன்னார்கள், எந்த நோயாளியைப் பற்றி வீட்டுக்குப் போன பிறகும் யோசித்தீர்கள் என்று எழுதுங்கள். உங்கள் டாபிக் அந்த நோட்டில்தான் இருக்கும்.

பிஜி மாணவர்களுக்கு மட்டும் இதை எழுதவில்லை. ஐசியுவில் வேலை செய்யும் செவிலியர்கள், மயக்க மருந்து டெக்னீஷியன்கள், இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் (ஐசிஎம்ஆர்) குறுகிய கால மாணவர் ஆய்வுத் திட்டத்துக்கு விண்ணப்பிக்க நினைக்கும் எம்பிபிஎஸ் மாணவர்கள் எல்லோரும் இதே பாதையில்தான் நடக்க வேண்டும்.

கேள்வியைக் கண்டுபிடிப்பது

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் வேலை பார்ப்பவர்களுக்குக் கேள்விக்குப் பஞ்சமே கிடையாது. வயலில் பாம்பு கடித்து, இமை தூக்க முடியாமல் வந்து வென்டிலேட்டரில் ஏறுகிறவர்கள். பூச்சிமருந்து குடித்து வருகிறவர்கள். தொப்பூர் கணவாயில் லாரி மோதித் தலையில் அடிபட்டு வருகிறவர்கள். மலைக் கிராமத்திலிருந்து ரத்தசோகையோடு பிரசவத்துக்கு வரும் பெண்கள். பெரிய நகரத்துக் கார்ப்பரேட் மருத்துவமனையில் வருடத்துக்குச் சிலரைத்தான் பார்ப்பார்கள் என்கிற கேஸ்கள் நமக்கு வாரத்துக்கு வாரம் வருகின்றன.

நான் ஒரே ஒரு கேள்வியை எடுத்துக் கடைசி வரை கொண்டுபோகிறேன். நம் இரண்டு மாவட்டங்களிலும் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம், அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. ஆனால் அதற்கு முன் முப்பது நாற்பது வருடம் போர்வெல் தண்ணீர் குடித்தவர்கள் இன்றைக்கு இடுப்பு எலும்பு முறிவுக்கும் குடலிறக்கத்துக்கும் புராஸ்டேட்டுக்கும் நம் மேசைக்கு வருகிறார்கள். உடம்பில் ஃபுளோரைடு சேரச் சேர முதுகெலும்பைச் சுற்றியுள்ள தசைநார்கள் சுண்ணாம்பு படிந்து இறுகும், முதுகு வளையாது. அப்படிப்பட்டவருக்கு ஸ்பைனல் போட்டவர்களுக்குத் தெரியும், ஊசி எங்கே குத்தினாலும் எலும்பில் இடிப்பது போலவே இருக்கும். சரி, இது உண்மையிலேயே ஃபுளோரைடாலா, வயதானாலே அப்படித்தானா? இதுதான் ஒரு கேள்வி. யாரும் பட்டியலில் எழுதித் தரவில்லை, உங்கள் கையே கேட்ட கேள்வி.

கேள்வி கிடைத்ததும் அதை நான்காக உடைக்க வேண்டும்: யாரிடம், எது இருப்பவர்களை, எது இல்லாதவர்களோடு ஒப்பிட்டு, எதை அளக்கப் போகிறோம். முதலில் தோன்றுவது இப்படி இருக்கும்: ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களில், பல்லில் ஃபுளோரைடால் வரும் பழுப்புக் கறை உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் ஸ்பைனல் ஊசி முதல் முயற்சியிலேயே சரியான இடத்தில் விழுவதில் வித்தியாசம் உண்டா? பல் கறையை அளக்க டீன் குறியீடு என்று பழைய, நல்ல அளவுகோல் இருக்கிறது. பார்க்க அழகாக இருக்கிறது, இல்லையா?

இதை வைத்துக்கொண்டு வார்டுக்குப் போய்ப் பத்துப் பேரைப் பாருங்கள். முதல் சிக்கல், எழுபது வயதுத் தாத்தாவுக்குப் பல்லே இருக்காது. இரண்டாவது சிக்கல் இன்னும் ஆழமானது. பல்லில் கறை வருவது சின்ன வயதில், பல் உருவாகும் காலத்தில் குடித்த தண்ணீரால். முதுகு இறுகுவது அதற்குப் பிறகும் பல வருடம் குடித்த தண்ணீரால். சேலம் பக்கத்து நல்ல தண்ணீர் ஊரில் பிறந்து, பென்னாகரம் பக்கம் வாழ்க்கைப்பட்டு வந்து நாற்பது வருடம் போர்வெல் தண்ணீர் குடித்த பாட்டிக்குப் பல் வெள்ளையாக இருக்கும், முதுகு கல்லாக இருக்கும். உங்கள் ஆய்வில் அவர் "ஃபுளோரைடு இல்லாதவர்" பக்கம் போய் உட்கார்ந்துவிடுவார். ஆக, பல்லைப் பார்ப்பதோடு, எந்த ஊரில் எத்தனை வருடம் இருந்தார், என்ன தண்ணீர் குடித்தார் என்று கேட்டே ஆக வேண்டும். முதுகு எவ்வளவு வளைகிறது என்பதையும் பார்க்க வேண்டும். இதை எந்தப் புத்தகமும் உங்களுக்குச் சொல்லாது, பத்து நோயாளிகள் சொல்லிவிடுவார்கள். அதனால்தான் எதையும் எழுதிச் சமர்ப்பிக்கும் முன் வார்டுக்குப் போங்கள் என்கிறேன்.

அப்புறம் தேடிப் படிப்பது. மருத்துவக் கட்டுரைகளைத் தேட உதவும் பப்மெட் தளம் இலவசம். இந்தியன் ஜர்னல் ஆஃப் அனஸ்தீசியாவும் இந்தியன் ஜர்னல் ஆஃப் கிரிட்டிகல் கேர் மெடிசினும் காசில்லாமல் படிக்கக் கிடைக்கின்றன. சென்னையிலுள்ள ஐசிஎம்ஆரின் தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் நடத்தும் அடிப்படை ஆய்வுப் பயிற்சி என்பிடெல் என்கிற இணையவழிப் பாடத் தளத்தில் இருக்கிறது. கட்டாயம் என்பதற்காக வீடியோவை ஓடவிட்டு வேறு வேலை பார்க்காதீர்கள், மாதிரி அளவு பற்றிய பாடங்களையாவது உட்கார்ந்து கேளுங்கள்.

அளவுகோலை முதலிலேயே பூட்டிவிடுங்கள்

"முதல் முயற்சி" என்றால் என்ன? ஊசியைத் தோலுக்கு வெளியே முழுதாக எடுத்துவிட்டு மறுபடி குத்தினால் அது புதிய முயற்சி. வெளியே எடுக்காமல் உள்ளேயே திசை மாற்றினால் அது திசைமாற்றம், அதைத் தனியாக எண்ண வேண்டும். இதை எழுதி வைக்காவிட்டால், பொறுமையான கையுள்ளவர் ஒரே துளையில் பன்னிரண்டு தடவை திருப்பிப் பார்த்துவிட்டு "ஒரே முயற்சி" என்று எழுதுவார்.

நம் துறையில் இந்த நோய் ரொம்பப் பழையது. அறுவை சிகிச்சையின்போது ரத்த அழுத்தம் இறங்குவது எவ்வளவு பேருக்கு என்று 2007ல் நெதர்லாந்துக்காரர்கள் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். 130 கட்டுரைகளை எடுத்துப் பார்த்தால் அவற்றில் 140 வரையறைகள் இருந்தன. ஒருவருக்கு எண்பதுக்குக் கீழே, இன்னொருவருக்குத் தொண்ணூறுக்குக் கீழே, மற்றவருக்கு ஆரம்ப அளவிலிருந்து இருபது சதவீதம் குறைவு. அந்த வரையறைகளை ஒரே நோயாளிக் கூட்டத்தின் மீது பொருத்தியபோது, எந்த வரையறை என்பதைப் பொறுத்துப் பிரசர் இறங்கியவர்கள் 5 சதவீதத்திலிருந்து 99 சதவீதம் வரை வந்தார்கள். நோயாளிகள் அதே ஆட்கள்தான். ஆய்வு முடிந்த பிறகு வரையறையைத் தேர்ந்தெடுக்க விட்டால், யாரும் தனக்குப் பிடித்த முடிவைக் கொண்டுவந்துவிடலாம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

முதன்மை அளவு ஒன்றே ஒன்று இருக்கட்டும். மற்றதெல்லாம் துணை அளவுகள்.

எத்தனை பேர் வேண்டும்

"ஒரு குரூப்புக்கு முப்பது" என்பது வழிவழியாக வரும் எண், அதற்குப் பின்னால் பெரும்பாலும் எந்தக் கணக்கும் இல்லை. கணக்கு விளங்குவதற்காக எண்களை வைத்துக்கொள்வோம்: ஃபுளோரைடு பாதிப்பு இல்லாதவர்களில் 60 சதவீதம் பேருக்கு முதல் முயற்சியிலேயே விழுகிறது, பாதிப்புள்ளவர்களில் 40 சதவீதம் என்று எதிர்பார்க்கிறீர்கள். 5 சதவீதப் பிழை (இல்லாத வித்தியாசத்தை இருப்பதாகச் சொல்லிவிடும் வாய்ப்பு), 80 சதவீதத் திறன் (இருக்கும் வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு) என்று வைத்தால் குழுவுக்கு 95 பேர் வேண்டும். பத்தில் ஒருவர் விடுபட்டுப் போவார் என்று சேர்த்தால் 106. இப்போது எதிர்பார்க்கும் வித்தியாசத்தைப் பாதியாக்குங்கள், 60க்கு எதிராக 50. குழுவுக்கு 385 பேர் ஆகிறது. வித்தியாசம் பாதியானால் ஆட்கள் நான்கு மடங்கு. உங்கள் மருத்துவமனை தியேட்டர் ரெஜிஸ்டரை எடுத்து, போன வருடம் இந்த வயதில் எத்தனை பேருக்கு ஸ்பைனல் போட்டார்கள் என்று எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும்.

ஒரே மருத்துவமனையில் வந்த முடிவை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2001ல் பெல்ஜியத்தில் லூவன் நகர ஐசியு ஒன்றில் 1548 பேரிடம் செய்த ஆய்வில், சர்க்கரையை இன்சுலினால் இறுக்கமாகக் கட்டுப்படுத்தியபோது ஐசியு மரணம் 8 சதவீதத்திலிருந்து 4.6 ஆகக் குறைந்தது. உலகம் முழுக்க ஐசியுக்கள் அதைப் பின்பற்றத் தொடங்கின. 2009ல் நைஸ் சுகர் என்கிற பெரிய ஆய்வு, பல நாட்டு ஐசியுக்களில் ஆறாயிரத்துக்கு மேற்பட்டவர்களிடம் அதையே சோதித்தது. இறுக்கமாகக் கட்டுப்படுத்தியவர்களில் 27.5 சதவீதம் பேர் இறந்தார்கள், மற்றவர்களில் 24.9. நல்லது என்று நம்பிச் செய்தது ஆட்களைக் கொன்றுகொண்டிருந்தது. என்னைப் பொறுத்தவரை ஐசியுவில் ஆய்வு எதற்கு என்பதற்கு இந்த இரண்டு வருடங்களே போதும்.

நெறிமுறைக் குழுவும் சம்மதமும்

மருந்து எதுவும் கொடுக்காமல் பார்த்து எழுதும் ஆய்வானாலும் நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். அந்தக் குழுவின் தலைவர் வெளியிலிருந்து வந்தவராக இருப்பார், மருத்துவம் படிக்காத சாதாரண மனிதர் ஒருவரும் சட்டம் தெரிந்தவர் ஒருவரும் இருப்பார்கள். உங்கள் சினாப்சிஸ், அதாவது ஆய்வுத் திட்டச் சுருக்கம், அந்தச் சாதாரண மனிதருக்குப் புரிய வேண்டும் என்று நினைத்து எழுதுங்கள், மற்றவர்களுக்கும் புரிந்துவிடும். கேள்விகளோடு திருப்பி அனுப்புவார்கள். அது இயல்பு, மனம் சுருங்க வேண்டாம்.

மருந்தையோ முறையையோ ஒப்பிட்டுச் சோதிக்கும் ஆய்வானால் சிடிஆர்ஐ என்கிற இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் பதிவு வேண்டும். கட்டணம் கிடையாது. 2018 ஏப்ரல் 1 முதல், முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே பதிவு செய்தால்தான் ஏற்கிறார்கள். நோயாளிகளைச் சேர்த்துவிட்டு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டால் பல நல்ல இதழ்கள் கட்டுரையைத் தொடக்கூட மாட்டார்கள். நாம் எடுத்துக்கொண்டது போன்ற பார்த்து எழுதும் ஆய்வுகளையும் அங்கே பதிவு செய்யலாம், செய்வது நல்லது.

சம்மதப் படிவத்தில் நம் ஊருக்கே உரிய ஒரு விஷயம். ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கமிருந்து வருகிறவர்களில் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசுகிறவர்கள் நிறைய. கடைத்தெருவில் தமிழ் நன்றாகப் பேசுவார், "குலுக்கல் முறையில் குழு ஒதுக்கப்படும்" என்று எழுத்துத் தமிழில் வாசித்தால் தலையாட்டுவார், புரிந்திருக்காது. மூன்று மொழியிலும் படிவம் தயாரித்து, மூன்றையும் குழுவிடம் அனுமதி வாங்குங்கள். படிக்கத் தெரியாதவரிடம் கைரேகை வாங்கும்போது, ஆய்வோடு சம்பந்தமில்லாத சாட்சி ஒருவர் பக்கத்தில் இருந்து முழுதும் கேட்டிருக்க வேண்டும், கடைசியில் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்குவது சாட்சி ஆகாது. பிரசவ வலியில் துடிக்கும் பெண்ணிடம் படிவத்தை நீட்டாதீர்கள். கர்ப்பகாலச் செக்கப்புக்கு வரும்போதே சொல்லி வையுங்கள்.

ஐசியுவில் நோயாளிக்கே நினைவிருக்காது. சட்டப்படி அவர் சார்பில் முடிவெடுக்கக்கூடியவரிடம் சம்மதம் வாங்கலாம். ஆனால் நோயாளி தெளிந்த பிறகு அவரிடமே விளக்கி மறுபடி சம்மதம் வாங்க வேண்டும். அவர் வேண்டாம் என்றால் அதோடு அவரை விட்டுவிட வேண்டும். "அண்ணே, உங்க மயக்கத்துல உங்க மகன்கிட்ட கேட்டுத்தான் சேர்த்தோம், இப்போ நீங்க சொல்லுங்க" என்று கேட்கும்போது அவர்கள் முகத்தில் தெரியும் நிமிர்வை நான் பார்த்திருக்கிறேன். ஆய்வில் சேர்ந்தாலும் சேராவிட்டாலும் சிகிச்சை ஒன்றுதான் என்பதை இரண்டு தடவை சொல்லுங்கள். அரசு மருத்துவமனைக்கு வருகிறவர் மறுத்தால் கவனிக்க மாட்டார்களோ என்று பயப்படுவார்.

ஐசியுவில் மட்டும் வரும் பொறிகள்

வென்டிலேட்டர் நாட்களை அளவாக எடுத்துக்கொள்கிறவர்கள் கவனிக்க. இரண்டாம் நாளே இறந்துபோனவருக்கு வென்டிலேட்டர் நாள் இரண்டு. பிழைத்து எட்டாம் நாள் குழாய் எடுத்தவருக்கு எட்டு. வெறும் சராசரி பார்த்தால் இறந்தவர் இருக்கும் குழு நன்றாக இருப்பது போலத் தெரியும். இதற்காகத்தான் 28 நாட்களில் உயிரோடும் வென்டிலேட்டர் இல்லாமலும் இருந்த நாட்களை எண்ணுகிறார்கள். இறந்தவருக்கு அது பூஜ்யம்.

அடுத்தது, பாதியில் போய்விடுகிறவர்கள். "வீட்டுக்கே கூட்டிட்டுப் போயிடறோம்" என்று கையெழுத்துப் போட்டுப் போகிறவர்கள், சேலத்துக்கோ பெங்களூருக்கோ மாற்றிக்கொண்டு போகிறவர்கள். நம் மாவட்டங்களில் இது மிக அதிகம். அவர்களைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டால் மிஞ்சும் கணக்கு பொய்யாகிவிடும், ஏனென்றால் போகிறவர்கள் பெரும்பாலும் மோசமான நிலையில் இருப்பவர்கள். சேர்க்கும் அன்றே இரண்டு உறவினர்களின் செல்பேசி எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள், ஒன்று வீட்டிலுள்ள பெண்ணுடையதாக இருந்தால் நல்லது. வேலைக்குப் போகிற ஆண்களைவிட அவர்கள் எடுப்பார்கள் என்பது என் அனுபவம். 28ஆம் நாள் நீங்களே பேசுங்கள். அந்தப் பக்கம் அழுகைச் சத்தம் கேட்கலாம். ஃபோனை உடனே வைத்துவிடாதீர்கள், கொஞ்ச நேரம் பேசுங்கள்.

குலுக்கல்

மருந்து ஒப்பிடும் ஆய்வானால், திங்கட்கிழமை ஒரு மருந்து செவ்வாய்க்கிழமை இன்னொன்று, ஒற்றைப்படை ஐபி (உள்நோயாளி) எண்ணுக்கு ஒன்று இரட்டைப்படைக்கு ஒன்று என்பதெல்லாம் குலுக்கல் இல்லை. அடுத்தவருக்கு எது வரும் என்று முன்பே தெரிந்தால், மெலிந்த நோயாளியைச் சேர்க்கலாமா வேண்டாமா என்று மனசு தானாகவே கணக்குப் போடும். கணினியில் வரிசை எடுத்து, ஒளி ஊடுருவாத உறைகளில் போட்டு, ஒட்டி, வரிசை எண் எழுதி, ஆய்வில் சம்பந்தமில்லாத ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். மருந்தையும் அவரே சிரிஞ்சில் ஏற்றித் தரட்டும். உறையைச் சம்மதம் வாங்கிய பிறகுதான் பிரிக்க வேண்டும்.

வெற்றுக் கட்டம்

இதற்காகத்தான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

என் தீசிஸ் காலத்தில், அறுவை முடிந்து பன்னிரண்டாவது மணி நேரத்தில் வலி எவ்வளவு என்று கேட்டு எழுத வேண்டும். ஒரு நோயாளிக்கு அது இரவு இரண்டு மணிக்கு விழுந்தது. நான் அவசர கேஸில் இருந்தேன், யாரும் கேட்கவில்லை. காலையில் கட்டம் காலியாக இருந்தது. "மூணுன்னு போடு, எல்லாருக்கும் மூணுதான வருது" என்றார் ஒரு சீனியர். போட்டேன். அன்று முழுக்க அது உறுத்திக்கொண்டே இருந்தது. மறுநாள் அந்த மூன்றின் மேல் ஒரே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் "அளக்கப்படவில்லை" என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டேன். படிவத்தில் எதைத் திருத்தினாலும் இதுதான் முறை என்று பிறகுதான் படித்தேன்: பழைய எண் தெரிகிற மாதிரி ஒற்றைக் கோடு, தேதி, கையெழுத்து. வெள்ளை மை கூடாது. எல்லா நோயாளிகளின் அளவுகளும் சேர்ந்த என் மாஸ்டர் சார்ட்டில் கடைசியில் ஏழு வெற்றுக் கட்டங்கள் இருந்தன. தேர்வாளர் கேட்டார், காரணத்தைச் சொன்னேன், அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

அந்த மூன்றைப் போடுகிற கை எங்கே போய் நிற்கும் என்பதற்கு நம் துறையிலேயே உதாரணம் இருக்கிறது. ஜப்பானிய மயக்க மருத்துவர் யோஷிடகா ஃபூஜி, அறுவைக்குப் பின் வரும் வாந்தியைப் பற்றி நூற்றுக்கணக்கில் கட்டுரைகள் எழுதியவர். அவருடைய எண்கள் அளவுக்கு மீறி ஒழுங்காக இருக்கின்றன, பல குழுக்களில் தலைவலி வந்தவர்களின் எண்ணிக்கை அப்படியே ஒன்றாக இருக்கிறது என்று 2000லேயே ஜெர்மன் மருத்துவர்கள் ஒரு இதழுக்குக் கடிதம் எழுதினார்கள். பன்னிரண்டு வருடம் கழித்து, 2012ல், ஜப்பான் மயக்கவியல் சங்கத்தின் விசாரணைக் குழு 212 கட்டுரைகளைப் பார்த்து அவற்றில் 172ல் தரவு புனையப்பட்டிருந்தது என்று சொன்னது. அதே வருடம் ஜான் கார்லைல் என்கிற ஆங்கில மயக்க மருத்துவர், அந்தக் கட்டுரைகளின் வயது, எடை போன்ற முதல் அட்டவணை எண்களைக் கணக்கிட்டு, இப்படி இயற்கையில் வரவே வராது என்று காட்டினார். உண்மையான எண்கள் கரடுமுரடாக இருக்கும். மானிட்டர் 117, 93, 104 என்றுதான் காட்டும். படிவம் முழுக்க 120, 110, 100 என்று இருந்தால் யாரோ உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அதனால் புரோஃபார்மாவை, அதாவது ஒவ்வொரு நோயாளிக்கும் நிரப்பும் படிவத்தை, ஒரே தாளில், இரண்டு பக்கத்துக்குள் அடக்குங்கள். நாற்பது கட்டம் வைத்தால் நாற்பதும் நிரம்பாது, முக்கியமான பத்தும் சேர்ந்து காலியாகும். இரவு டியூட்டி செவிலியர்களிடம் முன்பே உட்கார்ந்து பேசுங்கள், எதற்காகக் கேட்கிறோம் என்று சொல்லுங்கள். காரணம் தெரிந்தவர்கள் சரியாக அளப்பார்கள். நம் ஃபுளோரைடு ஆய்வில், முயற்சிகளை எண்ணுகிறவருக்கு அந்த நோயாளி எந்த ஊர், என்ன தண்ணீர் என்று தெரியக் கூடாது. ஊசி போடுகிறவரே எண்ணவும் கூடாது. போடுகிறவரின் அனுபவம் எத்தனை வருடம் என்பதையும் எழுத வேண்டும், இல்லாவிட்டால் முதலாண்டு மாணவரின் கையைத் தண்ணீரின் குற்றமாக எழுதிவிடுவோம். முதல் பத்துப் பேரை ஒத்திகையாகச் செய்து, படிவத்தைத் திருத்தி, திருத்தத்தைக் குழுவுக்குத் தெரிவித்துவிட்டு அப்புறம் ஆரம்பியுங்கள்.

கணக்கும் எழுத்தும்

புள்ளியியல் ஆளிடம் கடைசி மாதம் எக்செல்லைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், முதல் மாதமே போங்கள். ஆர், ஜமோவி இரண்டும் இலவச மென்பொருள்கள், ஜமோவி புதியவர்களுக்குச் சுலபம். வலி மதிப்பெண்ணுக்குச் சராசரியைவிட நடு எண் பொருத்தம். குலுக்கலில் ஒரு குழுவுக்குப் போனவர் பிறகு வேறு சிகிச்சை பெற்றாலும் முதல் குழுவிலேயே எண்ண வேண்டும்.

எழுதும்போது குலுக்கல் ஆய்வுக்கு கன்சார்ட், பார்த்து எழுதும் ஆய்வுக்கு ஸ்ட்ரோப் என்கிற சரிபார்ப்புப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் எதுவும் வரவில்லையென்றால் அதையும் அப்படியே அனுப்புங்கள். ஃபுளோரைடு முதுகுக்கும் சாதாரண முதுகுக்கும் ஒரே அளவு முயற்சிதான் ஆகிறது என்று தெரிந்தால், இனிமேல் வரும் தாத்தாவுக்கு ஸ்பைனலைத் தவிர்க்க வேண்டியதில்லை என்பது பெரிய செய்தி. மூன்று நாளில் வெளியிடுகிறோம், பணத்தை அனுப்புங்கள் என்று வரும் மின்னஞ்சல்களுக்குப் பதில் போடாதீர்கள்.

ஆசிரியர் பட்டியலில் வேலை செய்தவர்கள் பெயர் இருக்கட்டும். இரவு இரண்டு மணிக்கு எழுந்து போய் வலி கேட்டு எழுதிய செவிலியரின் பெயரை நன்றி பகுதியில், அவரிடம் கேட்டுவிட்டு, சரியான முதலெழுத்தோடு போடுங்கள். வெளியானதும் ஒரு பிரதி எடுத்து வார்டு மேசையில் வைத்துவிட்டு வாருங்கள்.